மூன்றாவது பெட்டிக்கு ஒரு காரணம்

கடலூர் முதுநகரைத் தாண்டி சிப்காட்டுக்குப் போகும் சாலையில் லாரிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் சடையப்பனுக்கு இருபத்தேழு வருட அனுபவம். இந்த இருபத்தேழு வருடத்தில் அவர் ஒரு தப்பும் செய்ததில்லை. இதை அவரே சொல்லியிருக்கிறார். அவர் கை பட்ட வண்டி மறுபடி மக்கர் செய்தால் அதற்குப் பொறுப்பு மூன்றே பேர்: எலி, உப்புக்காற்று, டிரைவர். எலியும் காற்றும் பதில் பேசாது. டிரைவர் பேசுவார். ஆனால் நாளைக்கும் இதே பட்டறைக்குத்தான் வரவேண்டும் என்பதால் அளவாகப் பேசுவார்.

இவ்வளவு இருந்தும் அவருக்கு நல்ல பேர். வேலை அப்படி. ஒயரிங்கை விரலால் தடவிக்கொண்டே போய், எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். தவிர, யாரையும் நம்பாத மனிதர் என்பதால் எல்லாரும் அவரை நம்பினார்கள். வேலை முடிந்து மூடியைப் பூட்டியதும் ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைப்பார். வேறு எவனாவது திறந்து நோண்டினால் பாலிஷ் விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அவர் மனைவி சின்னம்மாள் நகத்துக்குச் சாயம் போடுகிறவர் அல்ல. எதிரே உள்ள ஃபேன்சி ஸ்டோரில் தவறாமல் சிவப்பு பாட்டில் வாங்கும் ஒரே ஆண் வாடிக்கையாளர் சடையப்பன்தான்.

ஜனவரி மாதம் ஒரு வியாழக்கிழமை, இளமதியின் லாரியை டிராக்டர் கட்டி இழுத்து வந்தார்கள். பதின்மூன்று வயதான பத்து சக்கர வண்டி. சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுப் பாலத்தின் நட்டநடுவில் நின்று, இரண்டு பக்கமும் பஸ்களை நிறுத்தி, அரை மணி நேரம் ஊரையே தன்னைப் பார்க்க வைத்திருந்தது. டிரைவர் பக்கிரி ஒன்பது வருடமாக அதை ஓட்டுகிறவர். பாலத்தில் தனக்குக் கிடைத்த ஏச்சுகளில் சில புதியவை என்று சொன்னார்.

சடையப்பன் ஸ்கேனரைச் செருகினார். ஸ்கேனர் கூப்பிட்டது, வண்டி பதில் சொல்லவில்லை. கிளீனர் சீட்டுக்கு அடியில் நான்கு திருகு போட்ட மூடிக்குள் இருக்கும் அந்த அலுமினியப் பெட்டி, எப்போது எவ்வளவு டீசலை எந்த சிலிண்டருக்குப் பீய்ச்ச வேண்டும் என்று இன்ஜினுக்குச் சொல்கிற கம்ப்யூட்டர், செத்துப்போயிருந்தது. வேறு பெட்டி போட்டால் வண்டி ஓடும் என்று அறிவித்தார்.

அங்கேதான் சிக்கல். ஆகஸ்ட் மாதமும் இதையே சொல்லி, சிதம்பரத்திலிருந்து வாங்கி வந்து ஒரு பெட்டி மாட்டியிருந்தார்.

இளமதி பி.காம். படித்தவர். அந்தப் படிப்பு ஒரே ஒரு லாரிக்குச் சொந்தக்காரி ஆவதில் முடிந்தாலும், காரணம் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாத பழக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. மஞ்சக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர், சடையப்பன் போட்டுக் கொடுத்த ஸ்டூலில் உட்காரவில்லை.

"மொதப் பெட்டி பன்னெண்டு வருசம் ஓடுச்சு. நீங்க மாட்டுனது அஞ்சே மாசம். ஏன்ண்ணே?"

சடையப்பன் எலியைச் சொன்னார். அலுமினியத்தைக் கடிக்கிற எலியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றார் இளமதி. உப்புக்காற்றைச் சொன்னார். முதல் பன்னிரண்டு வருடமும் கடலூரில் கடல் இல்லையா என்று கேட்டார். மீதி இருந்தது டிரைவர். பக்கிரி எதையாவது நோண்டியிருப்பான் என்று சடையப்பன் தொடங்கினார்.

"மாமா, மூடிய நீங்களே பாத்துருங்க," என்றார் பக்கிரி. "நீங்க வச்ச சாயம் அப்படியே இருக்கு."

நான்கு திருகிலும் நான்கு சொட்டு. ஒரு கீறல் இல்லை. பெருமை என்பது நேரம் காலம் பார்த்து வருவதில்லை. சடையப்பன் நிமிர்ந்து, இந்தப் பெட்டியின் மேல் தன் கையைத் தவிர வேறு ஒரு கை பட்டதில்லை, இதுதான் தன் வேலை என்று சொன்னார். அப்போதைக்கு அது அவருக்குச் சாதகமான வாதமாகத்தான் தெரிந்தது.

இளமதி முடிவைச் சொன்னார். திங்கட்கிழமை முதல் சேத்தியாத்தோப்புப் பக்கம் கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் மூட்டை ஏற்றும் வேலை இருக்கிறது. வண்டி போய் நிற்காவிட்டால் அந்த இடத்தில் வேறு வண்டி நிற்கும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டவும் முடியாது.

"காரணம் தெரியாம மூணாவது பெட்டி வேணாம்ணே. சனிக்கிழமக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா வண்டிய உடைக்கிற ஆளுகிட்ட குடுத்துடறேன்."

பக்கிரி லாரியின் பம்பரைப் பார்த்தார். சடையப்பன் பக்கிரியைப் பார்க்காமல் இருந்தார். அவருக்கும் அந்த வண்டி ஒன்றும் சும்மா இல்லை. கம்ப்யூட்டர் வண்டி எல்லாம் பொம்மை வேலை, தொடமாட்டேன் என்று பத்து வருடம் சபதம் காத்தவர், ஆகஸ்டில் முதன்முதலாகத் தன் கையால் பெட்டி மாற்றியது இதில்தான். அது இரும்புக்குப் போனால், தொழிலில் அவர் எழுதிய முதல் பரீட்சையும் கூடவே போகும்.

வெள்ளிக்கிழமை காலை, டீசலைப் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டர்களின் தலையிலும் பொறித்திருக்கும் எண்களைப் பக்கிரி டார்ச் அடித்து வாசிக்க, சடையப்பன் ஒரு பீடிக்கட்டு அட்டையில் எழுதிக்கொண்டார். புதுப் பெட்டிக்குள் அந்த எண்களை ஏற்றினால்தான் இன்ஜின் இழுக்கும். செத்த பெட்டியையும், ஒயர் முனையில் இருந்த சாக்கெட்டை அறுத்தெடுத்ததையும் துண்டில் சுற்றி, சிதம்பரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டார். துண்டுக்குள் என்ன என்று கண்டக்டர் கேட்டார். லாரியோட மூளை என்றார். அதற்கு லக்கேஜ் கிடையாது, டிரைவருக்கு மூளை இருந்தால்தான் லக்கேஜ் என்று கண்டக்டர் சொல்ல, பஸ்ஸின் டிரைவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார்.

சிதம்பரம் புறவழிச்சாலையில் அன்பரசுவின் கடை, அடுத்தடுத்து இருக்கும் டயர்க் கடைகளுக்கு நடுவில் ஒரு ஏசி அறை. டிப்ளமோ படித்துவிட்டு, லேப்டாப்பை வைத்துக்கொண்டு பெட்டிகளுக்கு உயிர் கொடுக்கிறவர். ரகசியத்துக்குப் பேர்போன அந்த ஊரில் எதையும் ரகசியமாக வைக்கத் தெரியாத ஆள். பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து சாக்கெட்டின் வாய்க்குள் பார்த்தார். பச்சை பூத்திருந்தது. ஒரு பின் பாதி அரித்துப்போய் இருந்தது. ஊசியால் சுரண்டி, மூக்குக்குக் கொண்டுபோய், சத்தமாகச் சொன்னார்.

"அண்ணே, சந்தனம்ணே இது. குங்குமமும் இருக்கு."

சடையப்பனுக்கு ஆகஸ்ட் மாதம் முழுசாக ஞாபகம் வந்தது. ஆடி வெள்ளி. அவர் கையால் மாட்டும் முதல் பெட்டி. அவ்வளவு மதிப்புள்ள ஒரு பொருள் பட்டறைக்கு வந்தால் பொட்டு வைக்காமல் மாட்டுவது எந்த ஊர் வழக்கம்? மூடியில் ஒன்று வைத்தார். ஒயர்க் கட்டில் ஒன்று. வேலை செய்யப்போவது வாய்தானே என்று, சாக்கெட்டின் வாயில், சந்தனத்தை நன்றாகத் தண்ணீர் விட்டுக் குழைத்து, தாராளமாக ஒன்று. பிறகு அழுத்திச் செருகினார். ஈரம் உள்ளே வரக்கூடாது என்று சாக்கெட்டில் இருந்த ரப்பரின் வேலையை, ஈரத்தை உள்ளே வைத்து மூடுவதாக மாற்றியிருந்தார். மீதியை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது.

அன்பரசு வேறு பெட்டி எடுத்து, அட்டையைப் பார்த்து எண்களை ஏற்றி, புது சாக்கெட்டும் கொடுத்தார். வண்டி பிழைக்காவிட்டால் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் புதுச்சத்திரம் வரைக்கும் சடையப்பன் ஒரு கதை தயார் செய்தார். பக்கிரி பக்திமான். வெள்ளிக்கிழமை தோறும் ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைக்கிறவர். சந்தனம் என்றால் எல்லாரும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கதை அருமையாக இருந்தது. ஆலப்பாக்கம் தாண்டும்போது குறுக்கே நான்கு திருகுகள் வந்து நின்றன. மூடியை அவரைத் தவிர யாரும் திறக்கவில்லை என்பதற்குச் சாட்சி, அவரே காசு கொடுத்து வாங்கிய சிவப்பு பாலிஷ். பழி தன்மேல் வராமல் இருக்க இருபத்தேழு வருடமாக வைத்த காவல், ஒரே நாளில் கட்சி மாறிவிட்டது.

சனிக்கிழமை இளமதி ஸ்டூலில் உட்கார்ந்தே கேட்டார். சடையப்பன் அரித்துப்போன சாக்கெட்டை அவர் கையில் கொடுத்தார்.

"சந்தனம்மா. வாயில வச்சது. ஈரம் உள்ள நின்னு அரிச்சிருச்சு."

"யார் வச்சது?"

பக்கிரி உடனே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தான் வைத்ததாக ஞாபகம் இல்லை, ஆனாலும் வைத்திருக்கலாம் என்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் சடையப்பனுக்குக் கதை இன்னும் சுலபமாகிவிட்டது. அதனாலேயே அதைச் சொல்ல முடியாமல் போனது.

"நாந்தான்," என்றார். பிறகு, இருபத்தேழு வருடத்துப் பழக்கத்தில், "ஆடி வெள்ளி வேற," என்று சேர்த்துக்கொண்டார்.

இளமதி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எலியை விட்டுட்டீங்களேண்ணே என்றார். இப்போது காரணம் தெரிந்துவிட்டது, மாட்டுங்கள் என்றார். ஆறு இன்ஜெக்டரும் ஒரே தாளத்தில் பிடித்துக்கொண்டபோது பக்கிரி கேபினிலிருந்து இறங்காமல், காரணமில்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

மூடியைப் பூட்டும்முன், பொட்டு வைக்காமலா விடுவது என்று பக்கிரிதான் தயங்கினார். சடையப்பன் யோசித்தார். மூடியைப் பூட்டி, நான்கு திருகுக்கும் சிவப்பு வைத்தார். பிறகு மூடியின் நடுவில் அதே பாட்டிலால் ஐந்தாவதாக ஒரு சொட்டு, வட்டமாக.

"மழைக்கும் போவாது," என்றார்.

திங்கட்கிழமை வண்டி சேத்தியாத்தோப்பில் போய் நின்றது. மாத முடிவில் ஒருநாள் இளமதி போன் செய்தார். வலது பக்க விளக்கு எரியவில்லையாம். வண்டி வந்தது, சடையப்பன் பானெட்டுக்குள் தலையை விட்டு எடுத்தார்.

"எலிம்மா."

"நிசமாவே எலியா, இல்ல நீங்களாண்ணே?"

கடித்த ஒயரை ஆதாரமாக அறுத்து, ஒரு கவரில் போட்டு, பக்கிரியிடம் கொடுத்தனுப்பினார். நெல் ஏற்றுகிற வண்டியில் எலி வருவது இயற்கை. கவரின் வாயை ஒட்டி, அதன் மேலும் ஒரு சொட்டுச் சிவப்பு வைத்திருந்தார்.