விரலில் சுற்றிய துணி

பெரகல சந்தியிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கினால் புஹாரி நானாவின் கடைசல் பட்டறை. தோட்டங்களில் பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைக் கட்டைகளை மெஷினில் சுற்றவிட்டு, உளியால் கடைந்து, எல்ல ஊரைச் சுற்றிப்பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்குக் கிண்ணம் செய்கிறோம். நான் வார்னிஷ் பூசுகிறவன். கடைகிறவர் ஜீவராணி அக்கா. இருபது வருடம் மலையில் கொழுந்து பறித்தவர். "மேல பறிச்சு முடிஞ்சுது, இப்ப அடியக் கடையிறேன்" என்பார்.

வந்த முதல் வருடம் கிண்ணங்களைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் மெஷின் மேலேயே இருக்கும். கடைசியில் நானா மனமிறங்கி, மெஷினில் கடைய விட்டார். சுற்றுகிற கட்டைக்கு ஆள் அடையாளம் தெரியாது என்பது அவர் ஓயாமல் சொல்வது. வளையல், மோதிரம், கையுறை எதுவும் கூடாது. கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகுதான் சுவிட்ச். அக்கா எல்லாவற்றையும் கழற்றினார். தாலியைக்கூடச் சட்டைக்குள் போட்டு ஊக்குக் குத்தினார்.

மூன்றாம் வாரம், சுற்றுகிற கிண்ணத்தில் மணல்தாளை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அலறினார். நானா பாய்ந்து சுவிட்சை அணைத்தார். நான் பிரஷும் கையுமாக வாயைப் பிளந்து நின்றேன். வெட்கக்கேடுதான், என்ன செய்ய.

அக்காவின் ஆள்காட்டி விரலில் பழைய சேலைத்துணி சுற்றியிருந்தது. கொழுந்து பறிக்கிற பெண்கள் செய்வதுதான். இல்லாவிட்டால் காம்பு விரலை அறுத்துவிடும். அந்தத் துணியின் நுனி கிண்ணத்தில் சிக்கிவிட்டது. நைந்த துணி, அதனால் கிழிந்துகொண்டு வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்கள். இங்கே விரலுக்கு வந்தது நகத்தோடு போனது.

"கையுறை கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று நானா கத்தினார்.

"இது கையுறையாங்க? காலையில எந்திரிச்சா மூஞ்சி கழுவுறேன், விரலைச் சுத்துறேன். சுத்தினதே எனக்குத் தெரியாதுங்க."

பொய்யில்லை. மூன்று வாரமாக அந்தத் துணி எங்கள் கண்ணெதிரில்தான் இருந்தது. நாங்களும் அதை விரல் என்றே பார்த்திருக்கிறோம்.

காயம் ஆறி வந்தபோது நானா அவரை மறுபடி கையால் தேய்க்கிற வேலைக்கு அனுப்பினார். "போதும் தங்கச்சி. விரல் போனா யாருக்கு நான் பதில் சொல்ல?"

அக்கா உட்காரவில்லை. "எம் புள்ளைக்குப் பேர் வச்சதுகூட மாமியார்தாங்க. வாழ்க்கையில நானே வேணும்னு கேட்டது இந்த மெஷின் ஒன்னுதான். அது இல்லேன்னா மலைக்கே போறேன்."

நானா தாடியைத் தடவினார். "அப்ப தினமும் காலையில என்கிட்ட கையைக் காட்டணும். ரெண்டு பக்கமும்."

எனக்குச் சுருக்கென்றது. நாற்பத்துமூன்று வயதுப் பெண்ணை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையை நீட்டச் சொல்வதா? அக்கா முறைத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் இரண்டு கையையும் நீட்டினார். தேயிலைக்கறை ஏறிய வெடிப்புகள், பழைய தழும்புகள், பாதி முளைத்த நகம். நானா ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். நிமிர்ந்தபோது அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி?"

"இருபது வருசமா மலையில எல்லாரும் கூடையைத்தாங்க பார்த்தாங்க. கையைப் பார்த்தது நீங்கதான்."

நானா மெஷினைக் காட்டினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.