யார் மகள் என்று கேட்காத வாசகர் தேவை

சொந்தமாக நாவல் அச்சடித்தவருக்கு எழுதுவது ஒரு வேலை என்றால், அதை வாசிக்க ஆள் பிடிப்பது ஒன்பது வேலை. என்னைப் போன்ற சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டிலுக்கடியில் புத்தகப் பெட்டி, கையில் கைப்பேசி, முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்பு. பகலில் ஜார்ஜ்டவுனில் ஒரு பல் கிளினிக்கின் முகப்பில் உட்கார்ந்து நோயாளிகளின் பெயரைப் பதிகிறேன். மற்ற நேரமெல்லாம் முகநூலில் கூவுகிறேன்.

என் கதாநாயகி வசந்தா. ஒரு மாலையில் பினாங்குத் தீவிலிருந்து ஃபெர்ரி ஏறுகிறாள். பட்டர்வொர்த் கரையில் அவள் இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. கதை முடியும்போதும் அவள் கிடைப்பதில்லை. புத்தகம் வாங்கியவர்கள் இருந்தார்கள்: அக்காமார், சம்பந்திகள், பல் பிடுங்க வந்து என்னிடம் மாட்டிக்கொண்டவர்கள். ஆனால் முன்பின் அறியாத ஒருவர் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. பினாங்கில் அது லேசான காரியமா? புதியவர் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், "நீங்க யாரு மக?" என்று ஆரம்பிப்பார். இரண்டே நிமிடத்தில் என் சித்தப்பாவுக்குச் சகலையாகிவிடுவார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யார் மகள் என்று கேட்காத ஒரே ஒருவராவது கடைசிப் பக்கம்வரை வாசிக்கட்டும், அதுவரை இரண்டாவது நாவலில் ஒரு வரியும் எழுதுவதில்லை என்று வீட்டுக்காரரிடம் அறிவித்தேன். ஏற்கெனவே எழுதிய மூன்று பக்கங்களை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். அவரும் மறுபேச்சில்லாமல் பூட்டிவிட்டார். சபதம் போட்டேனே தவிர, அந்த அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

அறுநூறு விருப்பக்குறி

முதலில் அட்டைப் படத்தை முகநூலில் போட்டேன். பச்சை பாஜு கூரோங் அணிந்த ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறாள். ஓவியரை வைத்துக்கொள்ள வசதியில்லாததால் நின்றது நான், படமெடுத்தது வீட்டுக்காரர். ஒரே நாளில் அறுநூறு விருப்பக்குறி! வாழ்த்துகள், கூப்பிய கைகள், பூங்கொத்துகள், எதற்கென்று தெரியாமல் ஒரு கேக். கிளினிக்கில் அன்று என் கால் தரையில் படவில்லை. ஆனால் அந்த வாரம் புத்தகம் கேட்டவர் எவருமில்லை.

நிபோங் திபாலில் இருக்கும் என் மாமா மகன் சேகர், நான் எதைப் போட்டாலும் முதல் ஆளாக இதயக்குறி போடுபவன். அவனை அழைத்து, "நீயாச்சும் வாசிச்சியாடா?" என்றேன். அவன் குரலில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"அதான் லைக் போட்டுட்டேனே அக்கா, இன்னும் வாசிக்க வேற செய்யணுமா?"

லிட்டில் இந்தியாவில் நேரலை

அடுத்து நேரலை. லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடை வாசலில் நின்று முதல் அத்தியாயத்தை உருக்கமாக வாசித்தேன். வீட்டுக்காரர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டார். பார்வையாளர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கேள்விகள் குவிந்தன. வசந்தா ஃபெர்ரியில் கால் வைக்கும் இடத்தில் குரல் தழுதழுக்க நிறுத்தி, கேள்விகளைப் படித்துப் பார்த்தேன். அத்தனையும் எனக்குப் பின்னால் தொங்கிய மாம்பழ மஞ்சள் சேலையின் விலையைப் பற்றி.

நான் புத்தகத்தை மூடுவதற்குள் அந்தச் சேலை மூன்று விற்றுவிட்டது. கடைக்கார பாய் மகிழ்ச்சியில் எங்கள் இருவருக்கும் நுரை பொங்கும் தே தாரிக் டீ வரவழைத்தார். நாவலை மட்டும் அவர் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"நாளைக்கும் வந்து வாசிங்க தங்கச்சி, நீலக் கலர் நெறைய தேங்கிக் கெடக்கு."

ரோஜாப்பூ

பிறகு ஒருநாள், முகத்துக்குப் பதில் ரோஜாப்பூப் படம் வைத்திருந்த ஒருத்தி புத்தகம் கேட்டாள். நிபோங் திபாலில் ஒரு மளிகைக் கடை முகவரி கொடுத்தாள். 'முகம் தெரியாத என் வாசகிக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். அடுத்த இரண்டு வாரமும் கேள்விமேல் கேள்வி. வசந்தா ஏன் குடையை மறந்துவிட்டுப் போனாள்? மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா? நான் பதில் எழுதிய மிடுக்கைப் பார்த்து வீட்டுக்காரர் அலமாரிச் சாவியையே தேட ஆரம்பித்துவிட்டார்.

அந்த மாதம் சேகரின் மகளுக்குப் பிறந்தநாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். சோற்றுக் குக்கருக்குப் பக்கத்தில் என் புத்தகம், உள்ளே என் கையெழுத்து. ரோஜாப்பூ சேகரின் மனைவிதான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவளைக் கட்டிக்கொண்டேன். ஆனால் மாமா மருமகள் எப்படி அந்நியர் ஆவாள்? சாவி இருந்த இடத்துக்கே திரும்பிப் போனது.

"சொந்தம்னு தெரிஞ்சா சும்மா குடுத்துருவீங்க அண்ணி, அதான் சொல்லாம வாங்கினேன்."

காணவில்லை

இனி வருவது வீட்டுக்காரரின் யோசனை. அட்டைப் படத்தை வைத்து ஒரு விளம்பரம் செய்தார்: 'காணவில்லை. பெயர் வசந்தா, வயது 34. கடைசியாகப் பார்த்தது ஃபெர்ரியில். பச்சை பாஜு கூரோங் அணிந்திருந்தார்.' அதன் கீழே என் தொலைபேசி எண். எல்லாவற்றுக்கும் அடியில் 'மீதியை நாவலில் வாசியுங்கள்' என்ற வரி. யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கடைசி வரியை வெட்டிவிட்டு வாட்ஸ்அப் புலனக் குழுக்களில் அனுப்பிவிட்டார். பொழுது சாய்வதற்குள் பினாங்கே வசந்தாவைத் தேடியது. பதறிப்போய், 'அவள் கதாபாத்திரம், மன்னியுங்கள்' என்று தெரிந்த குழுக்களிலெல்லாம் போட்டேன். என் மன்னிப்பை யாரும் பகிரவில்லை.

மறுநாள் ஒரு மீன் வியாபாரி அழைத்தார். காலையில் பாயான் பாரு பசாரில் வசந்தா காங்கோங் கீரை வாங்கியதைக் கண்ணால் பார்த்தாராம். அதே பச்சை உடுப்பு, அதே முதுகு. அவர் சொன்னது பொய்யில்லை. காலையில் அந்த பாஜு கூரோங்கை மாட்டிக்கொண்டு கீரை வாங்கப் போனவள் நானேதான். "அண்ணே, அது நான்தாண்ணே" என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அப்ப சீக்கிரம் வீட்டுக்குப் போங்க லா, அங்க எல்லாரும் தேடுறாங்க!"

நட்சத்திரம் என்ன?

அதே வாரம் அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து லெட்சுமி என்ற அம்மா அழைத்தார். குரலில் அவ்வளவு கனிவு. "காணாமப் போன பொண்ணு வீடுங்களா? நட்சத்திரம் தெரியாததால சாமி பேர்லயே அர்ச்சனை பண்ணிட்டேன். நட்சத்திரம் சொல்லுங்க, வெள்ளிக்கிழமை வசந்தா பேர்லயே பண்ணிடலாம்" என்றார்.

எனக்கு அவமானத்தில் காது சுட்டது. வசந்தா நான் எழுதிய கதையில் வருகிறவள் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்ப அந்தக் கதையை அனுப்புங்க, நான் யாருக்காக வேண்டினேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

யாரு மக?

மூன்று வாரம் கழித்து, துணிப்பையோடு ஓர் அம்மா கிளினிக் முகப்பில் வந்து நின்றார். "எந்தப் பல்லுக்கா?" என்றேன். "பல்லு இல்ல, வசந்தா" என்றார். லெட்சுமி அக்கா! பார்சலில் நான் எழுதியிருந்த கிளினிக் முகவரியைப் பிடித்து, இதற்காகவே ஃபெர்ரி ஏறி வந்திருக்கிறார். பையிலிருந்து என் நாவலை எடுத்து வைத்தார். அட்டையில் திருநீறு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு மடிப்பு. "முழுசா முடிச்சிட்டேன்" என்றார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அடுத்த மூச்சில், "யாரு மக?" என்றார்.

அவ்வளவுதான், இவரும் சொந்தமாகப் போகிறார் என்று மனம் உடைந்துவிட்டது. "எங்கப்பா பேரு..." என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். "உங்கள யாரும்மா கேட்டா? வசந்தா யாரு மக? ஒரு வரிகூட எழுதலையே. பெத்தவங்க அவளைத் தேட மாட்டாங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பல் பிடுங்க வந்தவர்கள் வலியை மறந்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள். லெட்சுமி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முகப்பு மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார்.

"அவ கெடச்சா தைப்பூசத்துக்கு இருபத்தோரு தேங்காய் ஒடைக்கிறேன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன், அதுக்குள்ள அவளைக் கூட்டிட்டு வந்துருங்க."

சக பாவிகளே, அறுநூறு விருப்பக்குறிகளால் அசைக்க முடியாத அலமாரிப் பூட்டை, இன்னும் மரத்திலேயே இருக்கும் இருபத்தோரு தேங்காய்கள் உடைத்துவிட்டன.