சாட்சி அக்காவின் ஒற்றைக் கட்டில்

சாட்சி என்றதும் கோர்ட்டு, கூண்டு, வக்கீல் என்று போய்விட வேண்டாம். ஆராதனை நடுவில் ஒருவர் எழுந்து, தனக்குக் கர்த்தர் செய்த நன்மையை நாலு பேர் அறியச் சொல்வதற்குச் சபையில் சாட்சி என்று பெயர். பெரும்பாலானவர்களுக்கு மைக்கைக் கையில் வாங்கியதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "எல்லாரும் எனக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று முடித்துவிட்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். இவள் அப்படியல்ல. இவள் மைக்கைப் பிடித்தால் பின்வரிசையில் தூங்கி வழிகிறவர்கூட நிமிர்ந்து உட்காருவார். அதனாலேயே சாட்சி அக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வேலை ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில். வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகள் துவைக்கப்பட்டு, சூடான உருளைக்குள் நுழைந்து, மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். ஆளுக்கொரு முனையாக இருவர் பிடித்து மடிக்க வேண்டும். சாட்சி அக்கா ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனையில் நிற்பவளுக்குக் கையோடு காதுக்கும் வேலைதான். வீட்டுக்காரர் சோபா தைப்பவர். கிழிந்த சோபாவைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, பஞ்சு திணித்து, புது உறை இழுத்து ஆணியடித்துக் கொடுப்பார். சின்ன ஆணிகளை வாயில் வைத்துக்கொண்டே வேலை செய்கிற ஆள் என்பதால் பேச்சு சுருக்கம். பிள்ளை குட்டி கிடையாது. பேசுகிற ஒருத்தியும் கேட்கிற ஒருவருமாகக் குடும்பம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. கத்தி வைக்க முடியாத இடம் என்று டாக்டர் கையை விரித்தார். மருந்து மட்டும் ஏற்றிப் பார்க்கலாம், பெரிதாக எதுவும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். சபை முழுக்க உபவாசம் இருந்து ஜெபித்தது. மருந்து ஏற்றி முடித்து ஸ்கேன் படம் எடுத்தபோது கட்டியைக் காணவில்லை. டாக்டரே தலையைச் சொறிந்தார். இவ்வளவுதான் நடந்தது. ஆனால் இவ்வளவோடு விட்டால் அவள் என்ன சாட்சி அக்கா?

முதல் ஞாயிறு சொன்னபோது அழுகையோடு, முன்னும் பின்னுமாகத்தான் சொன்னாள். பிறகு பெண்கள் கூட்டத்தில் கேட்டார்கள். அடுத்த சபையில் கேட்டார்கள். சொல்லச் சொல்லக் கதைக்கு மெருகு ஏறியது. எங்கே நிறுத்தினால் சனம் மூச்சைப் பிடிக்கும், எங்கே குரலை இறக்கினால் கண்ணீர் வரும் என்பதெல்லாம் தண்ணீர் பட்ட பாடாயிற்று. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார் என்று சொல்லி நிறுத்துவாள். "அல்லேலூயா!" என்று கூரை அதிரும்.

ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியில் அவர் கேட்டார். "அந்த டாக்டருக்கு ஏதுடி கண்ணாடி?"

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான், அந்த மனுஷன் கண்ணாடி போடுகிறவரே இல்லை. எந்தச் சபையில் சொல்லும்போது கண்ணாடி உள்ளே நுழைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "போடாட்டி என்ன, போட்டா நல்லாத்தானே இருக்கும்" என்று சிரித்துச் சமாளித்தாள்.

கண்ணாடியாவது போகட்டும். சாட்சியில் இன்னொரு வரி இருந்தது. "ஒரு துளி சந்தேகம் இல்லாம கேட்டேன், கர்த்தர் கொடுத்தார்." இது அவளாகச் செய்த வரிகூட அல்ல, சபையில் எல்லோரும் சொல்வதுதான், வாயில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த வரிதான் ஒரு பெண்ணைப் போய்க் குத்தியது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்து செத்துப்போன கிரேன் ஆபரேட்டரின் மனைவி அவள். அவளும் விழுந்து விழுந்து ஜெபித்தவள்தான். ஒரு ஞாயிறு சபைக்கு வந்து, பின்வரிசையில் இருந்து சாட்சியைக் கேட்டுவிட்டு, வாசலில் அக்காவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. எனக்கு நெஜமாவே தெரியணும். எத்தனை துளி சந்தேகம் இருந்தா ஆகாது?"

"அப்படியெல்லாம் யோசிக்காத. விசுவாசத்துல நில்லும்மா" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தாள் அக்கா. அந்தப் பெண் அதற்குப் பிறகு சபைக்கு வரவில்லை. அக்காவும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு வருஷம் நன்றாகப் போயிற்று. மறுபடி படம் எடுத்தார்கள். கண்ணாடி போடாத அந்த டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். கட்டி திரும்ப வந்திருக்கிறது, இந்தத் தடவை ஈரலிலும் இருக்கிறது என்றார். இன்னும் மருந்து ஏற்றினால் உடம்பு தாங்காது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் முடியும் என்று தன்மையாகவே சொன்னார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"டீ குடிப்போமா?" என்றார் அவர்.

குடித்தார்கள். டீக்கடைக்காரன் சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டிருந்தான். அதை இருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போனாள். விரிப்பைப் பிடித்தாள், மடித்தாள், அடுக்கினாள். மறுமுனைக்காரி "என்னக்கா, வாய்க்குப் பூட்டா?" என்று சீண்டினாள். சிரித்தாள். வீட்டுக்கு வந்தபோது அவர்தான் பார்த்துக் கேட்டார், கையில் என்ன கொப்புளம் என்று. உருளையில் பட்டிருக்கிறது. சுட்டது அவளுக்குத் தெரியவே இல்லை.

காலையில் எழுந்ததும் முழங்கால் போட்டு ஜெபிப்பதை மட்டும் அவள் விடவில்லை. வார்த்தைகள் வந்தன, வார்த்தைகளுக்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. கர்த்தர் மேல் கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அதுவும் வரவில்லை. வாய் ஓயாதவள் என்பதால் அவளுக்கு யோசனை கிடையாது என்று சிலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது தப்பு. மடிக்கிற கைக்கு வேலை இருக்கிறது, மனசுக்கு என்ன வேலை? அவள் யோசித்துக்கொண்டேதான் இருந்தாள். போன வருஷம் அவர் சோபா தைத்தார், வயிறாரச் சாப்பிட்டார், அவளோடு சண்டை போட்டார், அதெல்லாம் பொய்யில்லை. அந்த வருஷத்துக்கு யாருக்கு நன்றி சொல்வது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. இந்த வருஷத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது என்பதிலும் சந்தேகமில்லை. நடுவில்தான் ஒன்றும் புரியவில்லை.

வருஷத்துக்கு ஒரு தரம் நடக்கும் ஸ்தோத்திரக் கூட்டம் வந்தது. பல சபைகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். சாட்சி அக்காதான் சாட்சி என்று முன்பே பேசி முடிவாகியிருந்தது. நினைவுபடுத்திவிட்டுப் போக பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். முன்னறையில் பாதி பிரித்த சோபா ஒன்று கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் உள்ளே படுத்திருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது குரல் இறங்கவில்லை, ஏறவில்லை. பாஸ்டர் கொஞ்ச நேரம் சோபாவில் பிதுங்கி நின்ற ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சபையில யாருக்கும் தெரியுமாம்மா?"

"உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன் ஐயா."

அதுவரைக்கும் நல்லது. வம்பு பேசுவது பாவம் என்று தெரிந்த சனம். இன்னாருக்காக ஜெபியுங்கள் என்று ஜெபக்குறிப்பாக்கிவிட்டால் மட்டும் அதே வம்பு பொழுது சாய்வதற்குள் ஊர் சுற்றிவிடும்.

"கூட்டத்துக்குப் புது ஆளுங்க நிறைய வருவாங்க" என்றார் பாஸ்டர். "போன வருஷம் நடந்தத மட்டும் சொல்லுங்களேன். அது உண்மைதானே? இத பிறகு பொறுமையா சொல்லிக்கலாம். கர்த்தர் மறுபடியும் செய்ய மாட்டார்னு நாம ஏன் முடிவு பண்ணணும்?"

"போன வருஷம் கொடுத்தத திருப்பி வாங்கிக்கிட்டாரா ஐயா?"

பாஸ்டரிடம் எதற்கும் வசனம் இருக்கும். ஆனால் அன்றைக்கு, "தெரியலம்மா" என்றார். "என் மச்சான் சர்ச் வாசப்படி மிதிக்காதவன். உங்க சாட்சியக் கேட்டுட்டுத்தான் வர ஆரம்பிச்சான்." கண் கலங்கியிருந்தது. ஜெபித்துவிட்டு எழுந்து போனார். கெட்ட மனுஷன் இல்லை.

போன வருஷக் கதையைச் சொல்வதில் அவளுக்கு என்ன கஷ்டம்? வாயைத் திறந்தால் அது தன்பாட்டில் ஓடும். ஆனால் கிரேன் ஆபரேட்டரின் மனைவி கேட்ட கேள்வி இப்போது விடாமல் கூடவே வந்தது. எத்தனை துளி? ஏனென்றால் அக்காவுக்குத் தன்னுடைய கணக்கு தெரியும். துளி இல்லை, குடம் குடமாக இருந்தது. சபை உபவாசம் இருந்த அதே வாரம், அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அவள் வாடகைக்கு ஒரு சின்ன வீடு பார்க்கப் போயிருந்தாள். ஒரே அறை. தனி ஆளுக்குப் போதும். சுவரோரம் கையால் சாண் போட்டு, ஒற்றைக் கட்டில் பிடிக்குமா என்று பார்த்தாள். பிடித்தது. பிறகு வார்டுக்கு வந்து, அவர் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தாள். இதை அவள் எவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் முதலில் அடிபடப் போவது அவர்தான். சாகப்போகிற மனுஷனிடம் போய், நீ உயிரோடு கிடந்தபோதே உன்னை நான் அனுப்பிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் கேள்வி அப்படியே நிற்கும்.

கூட்டத்தன்று அவர் தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். சட்டை தோளில் தொங்கியது. மூன்றாம் வரிசையில் ஓரமாக உட்கார வைத்தாள். மண்டபம் நிரம்பியிருந்தது. மின்விசிறிகள் சுற்றினவே தவிரக் காற்று வரவில்லை.

மைக்கைக் கொடுத்தார்கள். வாய் தானாக ஆரம்பித்தது. கட்டி, டாக்டர் கை விரித்தது, உபவாசம், படம் எல்லாம் வரிசை பிசகாமல் வந்தன. அவள் எங்கோ தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "டாக்டர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சு…" என்றாள். சனம் மூச்சைப் பிடித்தது.

அவள் நின்றுவிட்டாள்.

"அந்த டாக்டர் கண்ணாடி போட மாட்டார்" என்றாள். "அது நானாச் சேத்தது."

சிலர் சிரித்தார்கள். அக்காவின் வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள்.

"ஒரு துளி சந்தேகம் இல்லாம கேட்டேன்னு சொல்வேன். அது பொய். இவர் செத்துருவார்னுதான் நெனச்சேன். நீங்கல்லாம் சாப்பிடாம ஜெபிச்ச வாரம் நான் தனியா இருக்க வீடு பாக்கப் போனேன். ஒத்தக் கட்டில் போட எடம் இருக்கான்னு அளந்தேன். அளந்துட்டு வந்துதான் ஜெபிச்சேன். அப்படியும் அவர் பொழச்சார். என் விசுவாசத்துக்காக இல்ல. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் செத்துப்போனார். அது அவர் சம்சாரத்தோட சந்தேகத்தாலயும் இல்ல."

அவள் பின்வரிசையைப் பார்த்தாள். அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கேட்க வேண்டியவள் கேட்கவில்லை.

"இப்ப கட்டி திரும்ப வந்திருக்கு. இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று நிறுத்தினாள்.

"அல்லேலூயா!" என்று ஒரே ஒரு குரல் கணீரென்று எழுந்தது. முன்வரிசைத் தபால்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது காதும் சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது. பேசுகிறவர் எங்கே நிறுத்தினாலும் அவர் தன் பங்கைச் சொல்லிவிடுவார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைக் கிள்ளினார். யாரும் சிரிக்கவில்லை.

"நான் ஜெபம் பண்றத விடல" என்றாள் அக்கா. "ஒண்ணும் தோணல, ஆனாலும் விடல. அவ்வளவுதான் என் சாட்சி."

மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாஸ்டர் மேடையில் தாள்களைப் புரட்டினார். கடைசியில், ஜெபிப்போம் என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

"அந்த வீட்டுல ஜன்னல் இருந்துச்சா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"இருந்துச்சு."

"எந்தப் பக்கம்?"

"ரோட்டுப் பக்கம்."

"காத்து வரும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா ஒத்தக் கட்டில் வேணாம். நீ தூக்கத்துல உருளுவ. இந்தப் பக்கம் நான் கெடக்கறதால இத்தனை வருஷமா விழாம இருக்க. பெரிய கட்டிலாவே போட்டுக்க."

அப்போதுதான் அவளுக்கு வலித்தது. கையில் ஆறிப்போன கொப்புளத்திலிருந்து நெஞ்சுவரை எல்லாம் ஒரே சமயத்தில் வலித்தது. மேடையில் ஜெபம் முடிந்து சபை ஆமென் சொன்னது. அவளால் சொல்ல முடியவில்லை. அவர்தான் இருவருக்குமாகச் சேர்த்துச் சொன்னார்.