எனக்கு வராத நெல்லைத் தமிழ்

குற்றாலத்து விடுதி ஒன்றின் விளம்பரத்துக்கு இன்று குரல் கொடுத்தேன்.

எதிரொலி விழாமலிருக்கப் படுக்கையறைச் சுவரில் மெத்தையைச் சாய்த்து, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பேசிப் பதிவு செய்து சென்னைக்கு அனுப்பினேன்.

விளம்பர நிறுவனத் தம்பி அழைத்தார். "நல்லாருக்கு சார். ஆனா நெல்லை ஃபீல் வரல. 'ஏலே, குத்தாலம் வாலே'ன்னு அதட்டலா வேணும்."

"தம்பி, ஏலேன்னு கூட வெளையாடுன சேக்காளியத்தான் கூப்பிடுவோம். தங்க வாரவங்கள 'வாங்க அண்ணாச்சி'ன்னுதான்..." என்று இழுத்தேன்.

"சார் எந்த ஊரு?"

"தென்காசி."

"பேச்சுல தெரியலயே சார்."

வேண்டுமானால் மாற்றிப் பேசித் தருகிறேன் என்றேன். வேண்டாமாம். அவர்கள் அலுவலகத்துச் சென்னைப் பையன் ஒருவரே பேசிவிட்டாராம். அந்தப் பதிவையும் எனக்கு அனுப்பிவைத்தார். மூச்சுக்கு ஒரு ஏலே. கேட்கக் கேட்க, அந்தப் பையன் பேசுவதுதான் சரியோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மாலையில் கதவை அடைத்துக்கொண்டு, மெத்தையைப் பார்த்து "ஏலே, வாலே" என்று சொல்லிப் பழகினேன்.

மனைவி கதவைத் தட்டினாள். "உள்ள யாருகூட சண்ட போடுதிய?"

தென்காசி நண்பர்களே, உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? எழுபது வயது வரை நான் தப்பாகவே கூப்பிட்டிருக்கிறேன் போலிருக்கிறது.