பட்டன் காமெடி

எங்கள் சித்திக்கு மராத்தியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் மராத்தி சீரியல்களைப் பற்றி அவளிடம் இருந்த அபிப்பிராயங்கள், அவற்றை எடுத்தவர்களிடம்கூட இருந்திருக்காது.

நான் அப்போது நாலாம் வகுப்பு. மராத்தி பேசும் ஔந்த் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் வங்கி வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிவிட்டு வந்து நானே கதவைத் திறந்து, ஆறிப்போன சப்பாத்தியைத் தின்றுவிட்டு, யாராவது வரும்வரை ஜன்னலருகே உட்கார்ந்திருப்பேன். அந்த வருடம் மழை தொடங்கியபோது அம்மாவின் தங்கை திருநெல்வேலியிலிருந்து, சித்தப்பா இல்லாமல், ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். ஒரு மாதம் இருப்பாள் என்றார்கள். மாதம் முடிந்தும் இருந்தாள். எனக்குக் கொள்ளை சந்தோஷம். ஏன் போகவில்லை என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவாளோ என்று பயம்.

நான் படியேறி வரும்போதே சித்தி கதவைத் திறந்துகொண்டு நிற்பாள். காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் நான் ஷூவைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடப் பார்ப்பாள். கேபிளில் வந்த ஒற்றைத் தமிழ்ச் சேனல் பாதி நாள் தெரியாது. அதனால் எது ஓடினாலும் பார்த்தாள். பாட்டுப் போட்டியில் பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே நடுவர்கள் கண்ணைத் துடைக்கிறார்களே, பாட்டு முடிந்தபின் துடைக்க என்ன வைத்திருப்பார்கள் என்று கேட்பாள். கதாநாயகன் வசனம் பேசி முடிக்கும்வரை அடியாட்கள் பத்துப்பேர் ஏன் வரிசையில் நிற்கிறார்கள், இதென்ன ரேஷன் கடையா என்பாள். காமெடியில் அடி வாங்குகிறவன்தான் பெரிய நடிகன், அடிக்கிறவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது அவளுடைய உறுதியான கட்சி. மொழி தெரியாமல் சீரியல் எப்படிப் புரிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"மொழி எதுக்குட்டி? மாமியா முறைக்கது எல்லா ஊர்லயும் ஒண்ணுபோலதான்."

எல்லாக் குரலும் அவளுக்கு வரும். நடிகர், நடிகை, செய்தி வாசிப்பவர், எங்கள் கட்டிடத்து வாட்ச்மேன்கூட. பார்வையாளர் நான் ஒருத்திதான். என் தமிழோ அரைகுறை. பாதி நகைச்சுவையை அவளே விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். அலுத்துக்கொள்ளாமல் சொல்வாள்.

கணபதி விழா வந்தது. வண்டிகளை ஒதுக்கிவிட்டுக் கீழே பந்தல் போட்டார்கள். ஒரு நாள் மாலை குடியிருப்பவர்களின் கலை நிகழ்ச்சி. முதல் மாடி காக்குதான் அதற்குப் பொறுப்பு. அக்கம்பக்கத்துப் பெண்களை நாங்கள் காக்கு என்றுதான் கூப்பிடுவோம். சித்தியின் குரல் வித்தையை நான் அவரிடம் அளந்துவிட்டிருந்தேன். அவர் மேலே வந்து சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மராத்தியில் ஏதோ சொன்னார். சித்தி மாட்டேன் என்று தமிழில் சொன்னாள். காக்கு அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு அப்பா வேலையாக நாக்பூர் போயிருந்தார். அம்மா வங்கியிலிருந்து நேராகப் பந்தலுக்கு வந்து கடைசியில் நின்றாள். சின்னப் பிள்ளைகள் இந்திப் பாட்டுக்கு ஆடினார்கள். ஒரு தாத்தா பழைய பாட்டு ஒன்றைப் பாடி நடுவில் வரி மறந்தார். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு சித்தி. பழைய தமிழ்ப் படத்தில் வரும் காமெடி என்று சொல்லச் சொன்னாள். நான் மைக்கில் இந்தியில் சொல்லிவிட்டு முன்வரிசைக்கு ஓடினேன்.

சித்தி தரையில் சம்மணமிட்டு, இல்லாத தட்டில் இல்லாத சோற்றைப் பிசைந்தாள். அது புருஷன். பக்கத்தில் மாமியார். எதிரில் பெண்டாட்டி நிற்கிறாள்.

புருஷன் கனத்த குரலில் சொன்னான்: "அம்மா, அவட்ட சொல்லு, சட்டையில பட்டன் இல்ல."

மாமியார் திரும்பினாள். "சட்டையில பட்டன் இல்லையாம்."

"தச்சுத் தாரேன்னு சொல்லுங்கத்தை."

"தச்சுத் தாராளாம்."

நான் சிரித்தேன். மூன்று பேரும் ஒரே அறையில் கையெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். பேச்சு மட்டும் சுற்றிச் சுற்றிப் போகிறது. உப்பு போயிற்று, துண்டு போயிற்று, மாத்திரை போயிற்று. சித்தியின் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டித் திரும்பியது. பந்தலில் வேறு யாரும் சிரிக்கவில்லை. மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சிரிப்பு மட்டும் கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது.

"அத்தை, அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரட்டான்னு கேளுங்க."

"போவச் சொல்லு."

"போவியாம்."

"எப்ப திரும்பி வரணும்னு கேளுங்கத்தை."

மாமியார் மகனைப் பார்த்தாள். மகன் மென்றான். மென்றுகொண்டே இருந்தான். சித்தி மேடையில் வெறும் வாயை அத்தனை நேரம் மென்றாள். எனக்கு வயிறு வலித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு எழுந்து கும்பிட்டாள். கைதட்டினார்கள். அம்மாவைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். அவள் நின்ற இடத்தில் யாரோ ஒருவர் ஸ்கூட்டரை நகர்த்திக்கொண்டிருந்தார்.

லிஃப்டில் சித்தி எந்த இடத்தில் அதிகம் சிரித்தேன் என்று கேட்டாள். மென்ற இடத்தில் என்றேன். அவளுக்கு அது திருப்தியாக இருந்தது போல. காக்கு கொடுத்த மோதகத்தை இரண்டாகப் பிட்டுப் பெரிய பாதியை எனக்குக் கொடுத்தாள். வீட்டில் அம்மா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

தீபாவளிக்கு முன்பு ஊரிலிருந்து மாமா வந்து சித்தியைத் திரும்பச் சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிப்போனார். மறுபடி நானே கதவைத் திறந்தேன். டிவியில் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள், ஒருவரைக்கூட யாரும் கேலி செய்யவில்லை. போனில் சித்தியிடம் என்ன படம் பார்த்தாய் என்று கேட்டால், இப்போதெல்லாம் பார்ப்பதில்லை என்பாள். பிறகு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாள்.

கல்லூரி நாட்களில் அந்தக் காமெடியைத் தேட ஆரம்பித்தேன். இணையத்தில் எப்படியெல்லாமோ எழுதிப் பார்த்தேன். சென்னையிலிருந்து வந்து படித்த தோழிகளிடம் நடித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார்கள், படம் மட்டும் ஒருத்திக்கும் தெரியவில்லை. கடைசியில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன், அது எந்தப் படம் என்று.

அம்மா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"அது படம் இல்லட்டி," என்றாள்.

அந்தப் பந்தலில் சித்தி பேசிய ஒவ்வொரு சொல்லும் புரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பாதியில் மேலே போய்விட்டாள். இன்னொருத்தி முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.