துரைக்கு மாலை போட்ட ரதி

கண்டியில் ஒரு மண்டபத்தில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன். மகனைப் பறிகொடுத்த தாய் மேடையில் கதறிக்கொண்டிருந்தபோது பிரதம விருந்தினர் தாமதமாக வந்து சேர்ந்தார். உடனே மண்டப விளக்குகள் எரிந்தன. தாயாக நடித்தவர் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் அப்பாதான் ரதி. அம்மாவின் சிவப்புச் சேலை, வியர்வையோடு வழியும் அரிதாரம், அதன் எண்ணெய் நாற்றம். மன்மதன் எரிந்ததும் அப்பா மண்ணில் புரண்டு அழுவார். பார்க்கிற பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். ஒரு வருடம் அந்த நேரம் பார்த்துத் தோட்ட மேனேஜர் துரையின் ஜீப் வந்தது. தப்பு மேளச் சத்தம் நின்றது. ரதி பல்லைக் காட்டிக்கொண்டு ஓடிப்போய்த் துரைக்கு மாலை போட்டாள். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து அழுதாள். "எங்கப்பா துரையவே தொட்டுட்டாரு!" என்று நான் துள்ளினேன்.

பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கத் தொடங்கிய பிறகு அந்தச் சிரிப்பை நினைத்தாலே அருவருப்பு. போன லீவில் கேட்டேவிட்டேன்.

"புருஷன் சாம்பலாக் கெடக்கான். ரதி சிரிப்பாளாப்பா?"

"சிரிக்கலைன்னா மறுநாளு வேலைக்கு எனக்குப் பேரு போடுவாங்களாடா? பெருசாக் கேக்க வந்துட்டான்!"

மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். விருந்தினர் என் வரிசையைக் கடந்தபோது நானும் நின்றுகொண்டிருந்தேன். என் பல்லெல்லாம் வெளியே தெரிந்தது. எனக்கு யாரும் பேர் போட வேண்டியதில்லை.