எத்திராஜ் அண்ணனை உட்கார வைத்த பாவம்

எத்திராஜ் அண்ணனுக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்த மடையன் நான்தான். வேறு யாரையும் குறை சொல்லப் போவதில்லை.

பெங்களூர் சிவாஜிநகர் துணிக்கடை ஒன்றில் நாங்கள் இருவரும் சேல்ஸ்மேன்கள். இருவருமே கோலார் தங்கவயல்காரர்கள். நான் வந்து இருபது வருஷம், அவர் வந்து முப்பத்தைந்து. எங்கள் கடையில் விற்கிறவன் உட்காரக் கூடாது. கல்லாவில் முதலாளி ரஹ்மத் பாய் மட்டும்தான் உட்காருவார். சரக்கெல்லாம் மாடிக் குடோனில். அண்ணன் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது படியேறி இறங்குவார். எந்தத் துணி எந்த அடுக்கில் இருக்கிறது, எந்த அம்மா போன கிறிஸ்துமஸுக்கு என்ன கலர் எடுத்தார் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வார்.

அவருக்கு அறுபது முடிந்ததும் பாயிடம் போய் நின்றேன். "பெரியவரு பாய். இனிமே படி ஏத்த வேணாம், மரியாதையா ஒக்கார வெப்போம்." பாயும் தலையாட்டினார். மாலை போட்டு, சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, போட்டோ வேறு எடுத்தோம். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட "ஒக்காருண்ணா!" என்று அதட்டுவேன். அவ்வளவு பாசமாம்!

ஒரே வருஷத்தில் ஆள் மாறிவிட்டார். லைனிங் கேட்டவருக்குத் திரைத் துணியை வெட்டிக் கொடுத்தார். தினமும் வரும் டெய்லரின் பெயர் வாயில் வரவில்லை. பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரம்ஜான் வரைக்கும் பாப்போம் பீட்டர். சரியாவலன்னா வீட்ல இருக்கச் சொல்லிடு." ரம்ஜானுக்கு ஆறு மாதம் இருந்தது.

அண்ணனிடம் சொன்னேன். வேலையைப் பற்றி அவர் பேசவே இல்லை. "கடைசி காலத்துல எங்கப்பாவுக்கு என்னையே தெரியலடா. நானும் அப்படி ஆயிடுவனா?" என்றார்.

நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, பெரிய கோளாறு எதுவும் இல்லை என்றார் அந்த டாக்டரம்மா. "தினம் எவ்வளவு நடக்கிறீங்க?"

"நடக்கவா? இவன் எங்க வுடறாம்மா!" என்றார் அண்ணன்.

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உடம்பு அசைஞ்சாதான் மூளைக்கு ரத்தம் நல்லா போகும். வயசானா ஞாபகத்துக்கான பகுதி சுருங்கும். தவறாம நடக்கிற பெரியவங்க சிலருக்கு அது லேசா வளர்ந்திருக்குன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. உங்களுக்கும் அப்படியே ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உக்காந்தே இருந்தா நல்லதில்ல."

மறுநாளிலிருந்து காலையில் அரை மணி நேரம் வேக நடை. கடையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதலில் நாலு தடவை படி, போகப் போகப் பத்து. முட்டி வலிக்கிறது என்பார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்புவேன். மூன்று மாதம் ஒரு மாற்றமும் இல்லை. அந்த டாக்டரை நான் திட்டாத நாளில்லை.

ரம்ஜான் கூட்டம் வந்துவிட்டது. ஒரு நாள் ஒரு அம்மா மெரூன் சாட்டின் கேட்டார். "அண்ணே, மேல போய் எடுத்துனு வா!" என்றேன்.

அவ்வளவுதான், அந்த அம்மா பொரிந்து தள்ளிவிட்டார். "வயசானவர ஏத்தி வுடறியே, நீயெல்லாம் மனுசனா? ஒங்கப்பனா இருந்தா அனுப்புவியா?" கடையே திரும்பிப் பார்த்தது.

அண்ணன் மூச்சு வாங்க இறங்கி வந்தார். கையில் மெரூன் சாட்டின்தான் இருந்தது. அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தார்.

"ஹெலனம்மாதானே? அல்சூர்லேர்ந்து வருவீங்க. பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு வெள்ள நெட் எடுத்தீங்க. லைனிங் பத்தலன்னு மறுநாளே திரும்பி வந்தீங்களே."

"ஐயோ, ஏழு வருசம் ஆச்சேப்பா!" என்றார் அந்த அம்மா.

கல்லாவிலிருந்து பாய் குரல் கொடுத்தார். "எத்திராஜ்! அடுத்த மாசம் பக்ரீத் சரக்கு வருது. எந்த அடுக்குல வெக்கிறதுன்னு நீயே மேல போய்ப் பாத்துட்டு வா!"

அண்ணன் படியேறினார். என்னைத் திட்டிய அந்த அம்மாவுக்கு முன்னாலேயே நான் அழுதுவிட்டேன்.